மேகத்துக்குள் ஒரு வாட்டம்

மரக்காணம் உப்பளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐப்பசி மழையில் எங்களுக்கு எதிர் வரப்பே தெரியாது. மீனம்பாக்கத்தில் ஏறும் விமானி பரங்கிமலையில் மோதாமல் எப்படிப் போகிறார்?"

மலை அவர் கண்ணில் பட வேண்டியதில்லை. எந்தத் திசையில், என்ன வாட்டத்தில் ஏற வேண்டும் என்று காட்டும் புறப்பாட்டு வரைபடம் அவர் கையில் இருக்கிறது.

வாட்டத்தைப் பற்றி உப்பளக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் அந்தக் கரையில் வளர்ந்தவன். பாத்தியில் விரற்கடை வாட்டம் தவறினால் ஒரு மூலை தேங்கும், மறு மூலை காயும். வானத்திலும் அதே கண்டிப்புதான். பன்னாட்டு விதிப்படி ஓடுபாதை முனையில் 5 மீட்டர் உயரத்திலிருந்து 2.5 சதவீத ஏற்றத்தில் ஒரு சாய்தளத்தைக் கற்பனையாக விரிக்கிறார்கள். மலையோ கோபுரமோ அதைத் துளைக்கக் கூடாது. துளைத்தால் பாதையை விலக்குவார்கள், அல்லது இன்னும் செங்குத்தாக ஏறச் சொல்வார்கள். விமானம் ஏற வேண்டியது குறைந்தது 3.3 சதவீதம். சுமார் 90 மீட்டர் உயரமுள்ள பரங்கிமலையின் மட்டத்தைத் தொடவே இரண்டரை கிலோமீட்டர் பறக்க வேண்டும்.

என்னைத் தூங்கவிடாதது, 3.3-இல் 2.5 போக மிச்சமுள்ள அந்த 0.8 சதவீதம். விமானத்துக்கும் தடைக்கும் நடுவே உறுதியாகக் கிடைக்கும் இடைவெளி அதுதான். 10 கிலோமீட்டரில் 80 மீட்டர், ஒரு கிலோமீட்டரில் 8 மீட்டர், ஓடுபாதை முனையில் பூஜ்யம்! தொலைவிலுள்ள மலையைவிட வேலியோரத் தென்னைதான் நெருக்கடி. ஆனால் 60 மீட்டருக்குள் ஏறிக் கடந்துவிடக்கூடிய அண்மைத் தடைகளுக்காக ஏற்றத்தைக் கூட்டி எழுதுவதில்லை. இடத்தையும் உயரத்தையும் குறித்துவிட்டு, கடக்கும் பொறுப்பை விமானியிடம் விடுகிறார்கள்.

இத்தனையும் எல்லா இன்ஜினும் ஓடும்போது. இரட்டை இன்ஜின் ஜெட்டில் ஒன்று நின்றால், சக்கரங்களை உள்ளிழுத்தபின் 2.4 சதவீதம் ஏறினாலே தகுதிச் சான்று உண்டு. அதாவது 3.3-ஐ அது எட்டாமல் போகலாம். அந்த நிலைக்கான வழியை விமான நிறுவனம் தனியே கணக்கிட்டு வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒவ்வொரு அடியும் விலை உயர்ந்தது.

விமான நிலையம் ஒன்றின் அருகே வீடு கட்டிய என் உறவினர், அனுமதித்த உயரத்துக்கு மேல் தண்ணீர்த் தொட்டி வைத்தார். கேட்டதற்கு "நாலடிதானே" என்றார். அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் கட்டுகிறீர்களா? 2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள் உங்களுக்கும்தான். மொட்டைமாடியோடு நிறுத்தாமல் தொட்டி, இடிதாங்கி, ஆன்டெனா எல்லாவற்றின் உச்சியையும் சேர்த்து அளந்து அனுமதி கேளுங்கள்.