காலணி நாற்றமும் அதனைக் களையும் வழியும்

மழைக்காலத்தில் நம் விவேக் நகர்ச் சிறுவர் பலர் நனைந்த பூட்ஸையே மறுநாளும் அணிந்து பள்ளி செல்கின்றனர். நாற்றம் வீசவே தோழர் விலகி அமர்வர், பிள்ளையுள்ளம் குன்றிப்போகும். குற்றம் பிள்ளையுடையதன்று.

வியர்வைக்கு இயல்பாக நாற்றம் இல்லை. ஈரத்தில் பெருகும் நுண்கிருமிகள் அதனைச் சிதைப்பதாலேயே நாற்றம் பிறக்கின்றது. இதனை ஆராய்ந்து, கிருமிகளைப் புறஊதாக் கதிரால் அழிக்கும் காலணி அலமாரியை வகுத்த விகாஷ் குமார், சார்த்தக் மித்தல் எனும் இந்தியர் இருவர், 2025-ஆம் ஆண்டு 'இக் நோபெல்' பரிசு பெற்றனர்.

நமக்கோ எளிய வழிகளே போதும். வீடு திரும்பியதும் பூட்ஸினுள் பழைய செய்தித்தாளைத் திணித்து ஈரத்தை வாங்குங்கள். பின்னர்க் காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். உலர்ந்தபின் இரவில் சமையல் சோடா தூவிக் காலையில் உதறுங்கள். காலுறையை நாள்தோறும் துவையுங்கள். கால்விரல் இடுக்குகளை ஈரமறத் துடையுங்கள். பிள்ளை வகுப்பில் தலைநிமிர்ந்து அமரும்.