எந்த இலை மஞ்சள்?

ஹாஸ்டலில் டின்னரை முடித்துவிட்டு அப்பாடா என்று சாய்ந்திருப்பீர்கள். ஊரிலிருந்து போன். ‘‘தம்பி, கடலைச் செடியெல்லாம் மஞ்சளடிச்சுக் கெடக்குதுய்யா. யூரியா ஒரு மூட்டை போட்டுவிடலாமா?’’

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பசங்களில் பலருக்கு இந்தக் குரல் பரிச்சயமாக இருக்கும். ‘போடுங்கப்பா’ என்று சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க ஃப்ரெண்ட்ஸ். ‘‘எந்த இலைப்பா மஞ்சள்? அடி இலையா, கொழுந்தா?’’

மூட்டைக் காசு மிச்சமாகுமா, வீணாகுமா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கு!

இலைக்கு ஏன் பச்சை கலர்? பிளஸ் டூவில் படிச்சதுதான். பச்சையம் என்கிற குளோரோஃபில், வெயிலில் இருக்கும் நீலத்தையும் சிவப்பையும் நல்லா உறிஞ்சிக்கும். பச்சையை அந்த அளவுக்கு எடுத்துக்காது. மிச்சமான பச்சைதான் நம்ம கண்ணுக்கு வருது. அந்த மூலக்கூறின் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பது மக்னீசியம். சுத்தி நாலு நைட்ரஜன். நம்ம ரத்தத்தில் இருக்கும் ‘ஹீம்’ கூட கிட்டத்தட்ட இதே டிசைன்தான். நடுவில் மக்னீசியத்துக்குப் பதில் இரும்பு, அதுதான் முக்கிய வித்தியாசம்.

அப்போ இலைக்கு இரும்பே வேண்டாமா? அங்கேதான் ட்விஸ்ட்! பச்சையத்துக்குள் இரும்பு கிடையாது. ஆனா பச்சையத்தைத் தயாரிக்க இரும்பு கட்டாயம் வேணும். கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவோம் இல்லையா... சாரம் இல்லாமல் கட்டடம் எழும்புமா? அதே கதைதான். இரும்பு கிடைக்காவிட்டால் இலை வெளிறிப்போகும். இதற்குத் தமிழில் ‘பச்சைச் சோகை’ என்று பெயர். ஆமா, நமக்கு வருகிற அதே சோகைதான்!

கடல் விட்டுப்போன சுண்ணாம்பு

சரி, நம்ம மண்ணில் இரும்பு இல்லையா? இருக்கு. எடுக்கத்தான் முடியலை. காரணம் தெரியணும்னா கோடிக்கணக்கான வருஷம் பின்னால் போகணும். கிரெட்டேசியஸ் காலத்தில் இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் பார்த்திருப்பீங்க. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தையது. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடிச்சார். அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள்தான் அரியலூர் கல்லங்குறிச்சி பக்கம் சுண்ணாம்புக்கல்லாக இறுகிக் கிடக்கு. சிமென்ட் ஆலைகள் இங்கே வந்ததே அதற்காகத்தான்.

ஆலைக்கு லாபமான அதே சுண்ணாம்பு, செடிக்கு வில்லன்! சுண்ணாம்பு கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறி பி.எச். 8-ஐத் தாண்டும். பி.எச். ஒரு புள்ளி ஏறினாலே, தண்ணியில் கரையக்கூடிய இரும்பின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். இரும்பு துருவாக அப்படியே உட்கார்ந்துவிடும். பக்கத்திலேயே சோறு இருந்தும் பட்டினி! நிலக்கடலையும் கரும்பும் இந்தப் பட்டினியைத் தாங்காத பயிர்கள்.

அன்னபேதி அடிக்கலாம்

1840-களில் ஃபிரான்ஸில் யூசேப் கிரி என்பவர், வெளிறிய இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவிப் பார்த்தார். பச்சை திரும்பியது! இன்றைக்கும் வைத்தியம் அதேதான். ஃபெரஸ் சல்பேட், அதாவது நம்ம அன்னபேதி. பத்து லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் கலந்தால் ஒரு சதவீதக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்கணும். மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் பூட்டிவைத்துக்கொள்ளும். சித்த வைத்தியத்தில் ரத்தசோகைக்குக் கொடுப்பதும் அன்னபேதிச் செந்தூரம்தான். மனுஷனுக்கும் செடிக்கும் ஒரே மருந்து!

போனிலேயே கண்டுபிடிக்கலாம்

இப்போ அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு வருவோம்.

அடி இலை மொத்தமாக மஞ்சளா? தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். செடி பழைய இலையிலிருந்து நைட்ரஜனை உருவி, கொழுந்துக்குக் கொடுத்திருக்கும். யூரியா இதற்குத்தான் உதவும்.

கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கா? இரும்புப் பற்றாக்குறையாக இருக்கலாம். இரும்பு ஒரு இலையில் சேர்ந்துவிட்டால் லேசில் இடம் மாறாது. அதனால் புது இலைதான் முதலில் பாதிக்கப்படும். இதற்கு மூட்டை மூட்டையாக யூரியா போட்டாலும் பச்சை திரும்பாது.

பருத்தியில் அடி இலை நரம்பு பச்சையாகவே இருக்க, நடுவில் சிவக்குதா? மக்னீசியத்தைச் சந்தேகப்படுங்கள்.

தண்ணி தேங்கினாலும், பூச்சி, வைரஸ் தாக்கினாலும்கூட இலை மஞ்சளாகும். அதனால் மண் பரிசோதனையும், வேளாண் அலுவலரிடம் ஒரு வார்த்தையும் அவசியம். டவுட் இருந்தால் முதலில் நாலு செடிக்கு மட்டும் அன்னபேதி தெளித்துப் பாருங்க. சில நாளில் பச்சை கட்டினால், நோய் எதுன்னு செடியே சொல்லிடும்.

அடுத்த தடவை போன் வந்தால், ‘படிக்கிற வேலை இருக்குப்பா’ன்னு கட் பண்ணிடாதீங்க. படிச்சதை அப்பாவுக்குச் சொல்ல அதைவிட நல்ல சான்ஸ் கிடைக்காது!