‘நார்மல்’ என்றாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: மருந்தடிப்போருக்கான இரத்தப் பரிசோதனை

தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கும் தொழிலாளர்களுக்குக் கோலினெஸ்டரேஸ் என்ற இரத்தப் பரிசோதனை செய்யப்படுவதுண்டு. முடிவில் ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் பலர் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால், அந்த ஒரு சொல் மட்டும் போதாது.

கோலினெஸ்டரேஸ் என்பது ஒரு நொதி. நரம்பு தசைக்கு அனுப்பும் இரசாயனச் செய்தி வேலை முடிந்ததும் அதை அழிப்பது இதன் பணி. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் இந்த நொதியை முடக்கிவிடும். அப்போது வியர்வை, எச்சில் ஊறுதல், தலைவலி, பார்வை மங்கல், மூச்சு இறுக்கம், தசைத் துடிப்பு ஆகியவை வரலாம்.

சிக்கல் என்னவென்றால், நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களிடையே கூட இந்த நொதியின் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. பரம்பரையே இதற்கு முக்கியக் காரணம். கர்ப்பம், கல்லீரல் நோய், சத்துக்குறைவு ஆகியவையும் இரத்த நீரில் உள்ள அளவைக் குறைக்கும். அதனால்தான் ஆய்வுக்கூடங்கள் தரும் இயல்பு எல்லை மிக அகலமாக இருக்கிறது.

உதாரணத்திற்கு, அந்த எல்லை 5,000 முதல் 12,000 வரை என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு எப்போதும் 5,500. அவருக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவருக்கு வழக்கமாக 11,000. மருந்தடித்த பின் 6,000. இருவருக்கும் ‘நார்மல்’தான். ஆனால், இரண்டாமவர் ஏறக்குறைய பாதியை இழந்திருக்கிறார்.

ஆகவே, பிறருடைய அளவோடு அல்ல, அவரவர் சொந்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்கு மருந்து வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு பரிசோதனை தேவை. ஏற்கெனவே அடிப்பவர் என்றால், குறைந்தது ஒரு மாதம் அந்த மருந்தின் பக்கம் போகாமல் இருந்து எடுக்க வேண்டும். முடிந்தவரை ஒரே ஆய்வுக்கூடமாக இருப்பது நல்லது. சிவப்பணுவில் உள்ள நொதி சொந்த அளவில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், அது தேறும்வரை அவரை வேறு வேலைக்கு மாற்றுவது தொழில்சார் மருத்துவத்தின் நடைமுறை.

ஒன்றை மறக்கக் கூடாது. புல்லுக்கு அடிக்கும் கிளைபோசேட், 2020-இல் மலேசியாவில் தடை செய்யப்பட்ட பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளின் பாதிப்பை இந்தப் பரிசோதனை காட்டாது.

அடுத்த முறை கிளினிக்கில் கேட்க வேண்டியது இதுதான்: “டாக்டர், வேலைக்குச் சேரும்போது எனக்கு எவ்வளவு இருந்தது?”