பெயர் இல்லாத உறவினர்

பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம் அது. யூதேயாவில் பெத்லெகேம் ஊரைச் சேர்ந்த எலிமெலேக்கு, மனைவி நகோமியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மோவாப் தேசம் போனார். போன இடத்தில் மாண்டார். பிள்ளைகள் அவ்வூர்ப் பெண்களை மணந்தார்கள். பத்து வருஷம் சென்றதும் அவர்களும் மாண்டார்கள். நகோமி வெறுங்கையோடு ஊர் திரும்பினாள். கூட வந்தது மருமகள் ரூத் ஒருத்திதான்.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் நாலே அத்தியாயங்கள் கொண்ட ‘ரூத்’ என்னும் சிறு நூல் சொல்லும் கதை இது.

ஊரில் அப்போது வாற்கோதுமை அறுவடை தொடங்கியிருந்தது. ரூத் கதிர் பொறுக்கப் புறப்பட்டாள். பிச்சைக்குப் போகிறாளே என்று பரிதாபப்பட வேண்டாம். அது அவளுக்குச் சட்டம் தந்த பங்கு!

மோசேயின் சட்டம் நிலக்காரருக்கு இட்ட கட்டளைகளைப் பாருங்கள். வயலின் ஓரங்களை முழுக்க அறுக்கக் கூடாது. சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. வயலில் மறந்து விட்ட கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. ஒலிவ மரத்தை ஒருமுறை உலுக்கினால் சரி. விட்டுப்போன காய்களுக்காகக் கிளை கிளையாகத் துழாவக் கூடாது. எஞ்சியதெல்லாம் ஏழைக்கும் அந்நியனுக்கும் விதவைக்கும் தகப்பனற்ற பிள்ளைக்கும் உரியது.

ஓரம் என்றால் எவ்வளவு? லேவியராகமம் அளவு சொல்லவில்லை. கஞ்சர்கள் ஒரு கதிரை விட்டுவிட்டு ‘இதுதான் ஓரம்’ என்று சொல்லலாம் அல்லவா? பிற்கால யூத அறிஞர்கள் 60-ல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று விதித்தார்கள். மிஷ்னா என்னும் தொகுப்பில் இது இருக்கிறது. ஏழை கையேந்தி நிற்க வேண்டியதில்லை. தானே அறுத்து, தானே சுமந்து போகலாம்.

பைபிள் படிக்கும் நாடுகளிலும் இந்த உரிமை எப்போதும் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் 1788-ல் ஒரு நிலக்காரர், தம் வயலில் கதிர் பொறுக்கிய பெண் மீது வழக்குத் தொடுத்தார். கதிர் பொறுக்குவது சட்டப்படி ஏழையின் உரிமை ஆகாது என்று தீர்ப்பாயிற்று!

ரூத் போய்ச் சேர்ந்த வயல் போவாஸ் என்ற தனவந்தருடையது. எலிமெலேக்கின் உறவினர் அவர். சட்டப்படி அவள் பொறுக்குவதைத் தடுக்காமல் இருந்தாலே போதும். அவரோ மேலும் செய்தார். தாகத்துக்கு வேலைக்காரர்களின் குடத்திலேயே குடிக்கச் சொன்னார். சாப்பாட்டு வேளையில் கூட உட்கார வைத்து, வறுத்த தானியம் கொடுத்தார். அவள் தின்றது போக மாமியாருக்கும் முடிந்து வைத்துக்கொண்டாள். இன்னொரு காரியம் ரகசியமாக நடந்தது. கட்டிலிருந்து கொஞ்சம் கதிரை வேண்டுமென்றே உருவிப் போடும்படி ஆட்களிடம் சொல்லிவைத்தார். வாங்குகிறவள் கூசாமல் கொடுக்கத் தெரிந்த மனிதர்! அன்று மாலை அவள் தட்டி எடுத்தது ஒரு எப்பா. சுமார் 22 லிட்டர் தானியம்.

நகோமியின் நிலத்தை மீட்கும் பேச்சு பிறகு வந்தது. போவாஸைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருந்தார். முதல் உரிமை அவருக்கு. ஊர் வாசலில் பத்து மூப்பர்களை உட்கார வைத்து, போவாஸ் அவரைக் கேட்டார். நிலம் என்றதும், “மீட்கிறேன்” என்றார் அந்த உறவினர். கூடவே ரூத்தையும் மணக்க வேண்டும், இறந்தவன் பெயரை அவன் சொத்தில் நிலைநாட்ட வேண்டும் என்றதும் பின்வாங்கினார். பணம் இவருடையது, பிறக்கும் பிள்ளைக்கோ இறந்தவன் பெயர், நிலமும் அதற்கே. தம் சொந்தச் சொத்து கெட்டுவிடுமே!

கொடியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. யாரையும் ஏமாற்றவில்லை. கணக்குப் பார்த்தார், அவ்வளவுதான். அக்கால வழக்கப்படி செருப்பைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விட்டார்.

போவாஸ் ரூத்தை மணந்தார். அவர்கள் மகன் ஓபேத், தாவீது அரசரின் பாட்டனார். புதிய ஏற்பாட்டில் மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றில், மோவாப் தேசத்து ரூத்தின் பெயரும் இருக்கிறது.

சொத்தைக் காத்துக்கொண்ட உறவினரின் பெயர் என்ன? நூலில் இல்லை. போவாஸ் அவரைக் கூப்பிடும் இடத்தில் எபிரெய மூலம் ‘பெலோனி அல்மோனி’ என்கிறது. தமிழில் ‘இன்னார்’ என்போமே, அதுதான்.