தேய்ந்த இரும்பும் தொலைந்த வரைபடமும்

லிந்துலை, நாகசேனை, ஆக்கரபத்தனைப் பக்கத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து உருட்டும் கூடத்துக்குள் போனால், இயந்திரங்களின் வார்ப்பிரும்பு உடம்பில் ஏதோவொரு தூரத்து ஊரின் பெயர் புடைத்து நிற்கும். மார்ஷல், கெய்ன்ஸ்பரோ. உலர்த்தியின் கதவில் சிரோக்கோ, பெல்ஃபாஸ்ட். உள்ளூர்ச் சரக்கு என்றால் கொழும்பு கொமர்ஷல் கம்பனி அல்லது வாக்கர். பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட் ஏறி எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தாலும் வாசித்துவிடலாம். ஆனால் அந்த விலாசத்துக்கு உதிரிப்பாகம் கேட்டு இன்று எழுதிப் பயனில்லை. கெய்ன்ஸ்பரோவில் மார்ஷல் ஆலை நின்ற இடத்தில் 2007 முதல் ஒரு கடைத்தொகுதி நடக்கிறது. மார்ஷல்ஸ் யார்ட் என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சிரோக்கோவைச் செய்த பெல்ஃபாஸ்டின் டேவிட்சன் கம்பனியை 1988இல் ஹௌடன் வாங்கிக்கொண்டது.

செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. அவர்கள் செய்தது இங்கே இரவும் பகலும் சுற்றுகிறது. இது எப்படி நடக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் “அந்தக் காலத்து இரும்பு அப்படி” என்பார்கள். அதில் பாதி உண்மை. மறுபாதி, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தோட்டத்துப் பட்டறைகளிலும் லேத்துக்கு முன்னால் நிற்பவர்களுடையது.

மலையகத்தில் பட்டறை தேயிலைக்கு மூத்தது. ஜோன் வாக்கர் 1854இல் தொழில் தொடங்கியபோது இங்கே தேயிலைத் தோட்டமே இல்லை. கோப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் இயந்திரங்களைச் செய்வதும் திருத்துவதுமே வேலை. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று முடித்தது. தோட்டங்கள் கைமாறின, துரைமார் பலர் கடனோடு கப்பலேறினார்கள், உலைக்களமும் லேத்தும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால்தான் உருட்டுவித்தார். பிறகு, 1870களில் அசாமில் வில்லியம் ஜாக்சன் உருட்டும் இயந்திரத்தை உருவாக்கினார்; சாமுவேல் டேவிட்சன் 1877இல் சிரோக்கோ உலர்த்தியைக் கொண்டுவந்தார். அந்தப் பாரமெல்லாம் கப்பலில் கொழும்புக்கு வந்து, நாலாயிரம் அடிக்கு மேலே ஏற வேண்டியிருந்தது. நானுஓயாவுக்கு ரயில் வந்ததே 1885இல்தான். உடைந்த ஒரு தண்டுக்காக இங்கிலாந்துக்கு எழுதிப்போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால் கொழுந்து காத்திருக்காது. திருத்திக்கொள்வது இந்த மலையில் முதல் நாளிலிருந்தே கட்டாயம்.

ரோலர் எனப்படும் அந்த உருட்டும் இயந்திரத்தை உற்றுப் பார்த்தால் அது ஏன் இவ்வளவு காலம் நிற்கிறது என்பது விளங்கும். கீழே ஒரு வட்ட மேசை. அதன்மேல் அடியில்லாத ஒரு பெரிய உருளை, அதை ஜாக்கெட் என்பார்கள். வாடிய கொழுந்தை அதற்குள் கொட்டி மேலிருந்து மூடியால் அழுத்துகிறார்கள். மேசையைச் சுற்றி உள்ள மூன்று கிராங்குகள் ஜாக்கெட்டை மேசைமீது வட்டமாக இழுத்துச் சுற்றுகின்றன. மேசையில் வளைவாகப் பதித்த பித்தளை வரம்புகள்தான் பேட்டன். கொழுந்து அதில் மோதிப் புரண்டு முறுக்கேறுகிறது. உடம்பு தேவைக்கு மேல் தடித்த வார்ப்பிரும்பு, சுற்றும் வேகமோ குறைவு. ஆகவே உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. தேய்மானம் முழுவதும் சில இடங்களில் வந்து குவிகிறது: கிராங்கின் முளைகள், அவை உட்காரும் பேரிங்குகள், கியர்ப் பெட்டி, பேட்டன்.

மூன்று கிராங்கும் ஒரே அளவாகத் தேய்ந்தால் பிரச்சினை சின்னது. அப்படித் தேய்வதில்லை. மோட்டாரின் தள்ளு விழும் கிராங்க் முந்திக்கொள்ளும். ஒன்று இளகினால் ஜாக்கெட் கோணலாகச் சுற்றும், அந்தக் கோணல் மற்ற இரண்டையும் தின்னும். ஒன்றை மட்டும் கழற்றித் திருத்தி மாட்டினால், புதிதாக இறுகிய அந்த ஒன்றுதான் முழுப் பாரத்தையும் வாங்கி முதலில் போகும். பட்டறையின் அனுபவமுள்ள மேஸ்திரியான பாஸ் மூன்றையும் சேர்த்தே இறக்கச் சொல்வார். கணக்கு எழுதும் ஒஃபிஸில் இதை விளங்கவைப்பதுதான் அவருக்குப் பெரிய பாடு. கெட்டது ஒன்று, எதற்கு மூன்றுக்கும் பில் என்ற கேள்வி வரும்.

பேட்டன் மழுங்கிய ரோலரில் கொழுந்து புரள்வதற்குப் பதில் வழுக்குகிறது. முறுக்குப் போதவில்லை என்று டீமேக்கர் நேரத்தைக் கூட்டுவார், அல்லது மூடியை இன்னும் இறக்குவார். இரண்டிலும் கொழுந்து சூடேறும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும்போதுதான் திம்புள்ளைப் பகுதித் தேயிலைக்கு அந்தப் பளிச்சென்ற நிறமும் வாசனையும் கூடி, கொழும்பு ஏலத்தில் நல்ல விலை போகும். ஒரு துண்டுப் பித்தளையின் தேய்மானம் அந்த விலையில் கைவைக்கிறது.

சரி, தேய்ந்த முளையை எப்படி மீட்கிறார்கள்? வழிகள் பல. லேத்தில் ஏற்றி நீள்வட்டமாகிப்போன முளையை மறுபடி வட்டமாகக் கடைந்து, சிறுத்த அளவுக்கு ஏற்பப் புஷ் போடுவது ஒன்று. வெல்டிங்கால் உலோகத்தை ஏற்றி, பழைய அளவுக்குத் திரும்பக் கடைவது இன்னொன்று. உருகிய உலோகத்தைக் காற்றழுத்தத்தால் தெளித்துப் படியவைக்கும் முறையும் உண்டு. அதில் தண்டு அதிகம் சூடேறாது, வளையாது. பழைய பேரிங்குகளுக்கு வெள்ளை ஈயம் வார்ப்பார்கள். தகரமும் அன்டிமனியும் செம்பும் சேர்ந்த இந்தக் கலவைக்கு ஐசாக் பாபிட் என்ற அமெரிக்கர் வழிகாட்டியது 1839இல். பேரிங் ஓட்டைச் சூடாக்கி, தகரப்பூச்சுக் கொடுத்து, நடுவில் ஒரு தண்டை நிறுத்தி உருக்கியதை ஊற்றுவார்கள். ஆறியதும் தண்டில் நீலச்சாயம் பூசிச் சுற்றிப் பார்த்தால், மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அதைச் சுரண்டியால் மெல்லச் சீவி மறுபடி நீலம், மறுபடி சீவல். நீலம் பரவலாக ஒட்டும்வரை இது தொடரும். பொறுமையில்லாதவன் பாதியில் மாட்டிவிடுவான். ஒரு மாதத்தில் பேரிங் சூடேறிப் புகையும்.

வார்ப்பிரும்பு வெடித்தால் வேலை இன்னும் நுணுக்கம். சாதாரணக் குச்சியால் பற்றவைத்தால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விழும். முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் குச்சியால் கொஞ்சங்கொஞ்சமாகப் பற்றவைத்து, பிறகு சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து ஆறவிட வேண்டும். லிந்துலையின் மாலைக் குளிரில் திறந்த பட்டறையில் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், காலையில் வந்து பார்க்கும்போது வெடித்திருக்கலாம்.

கைவேலையில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. என் கவலை அளவைப் பற்றியது.

ஓர் உதாரணம். பழைய இயந்திரம் அங்குலக் கணக்கில் செய்தது. நாலு அங்குலத் தண்டு என்றால் 101.6 மில்லிமீற்றர். கடையில் எளிதாகக் கிடைக்கும் பேரிங் 100 மில்லிமீற்றருக்கு. அவசரம், கொழுந்து வந்து குவிகிறது. தண்டை 1.6 மில்லிமீற்றர் கடைந்து பேரிங்கை மாட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்துக்கு அது சரியான முடிவுதான். பத்து வருடம் கழித்து அதே தண்டு மறுபடி தேய்ந்து இன்னொரு பட்டறைக்கு வருகிறது. வரைபடம் இல்லை, குறிப்பும் இல்லை. வந்தவர் 100தான் ஆதி அளவு என்று எடுத்துக்கொள்கிறார். அதிலிருந்து இன்னும் சிறிது கடைகிறார், புஷ் போடுகிறார். மூன்று தலைமுறைக் கைகளில் ஒவ்வொருவரும் நேர்மையாகவே வேலை செய்திருக்க, இயந்திரம் தன் அளவை மறந்துவிடுகிறது. ஒரே கம்பனியின் ஒரே மாதிரி ரோலர்கள் நாலு தோட்டத்தில் இருந்தால் நாலுக்கும் நாலு அளவு. ஒன்றின் பாகம் மற்றதில் ஏறாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

திருத்துவதற்கும் மீள உற்பத்தி செய்வதற்கும் உள்ள இடைவெளி இங்கேதான் இருக்கிறது. திருத்தினால் இயந்திரம் இந்தக் கொழுந்துக் காலத்தைத் தாண்டும். மீள உற்பத்தியில் பாகத்தை முழுவதும் பிரித்து, கழுவி, வெடிப்புச் சோதித்து, தயாரித்தவர் வகுத்த எல்லைக்குள் ஒவ்வொரு அளவையும் திரும்பக் கொண்டுவந்து, புதிய பாகத்துக்கு ஈடான உத்தரவாதத்தோடு கொடுக்கிறார்கள். கேட்டர்பில்லர் கம்பனி 1973இல் தொடங்கிய மீளுற்பத்தித் தொழில் இன்று அதன் பெரிய கிளைகளில் ஒன்று. தேய்ந்த பாகத்தைக் கொடுத்து, மீட்டெடுத்த பாகத்தை வாங்கிப் போகலாம். வாங்கும்போது ஒரு வைப்புப் பணம் கட்டி, பழையதைத் திருப்பியதும் அதை வாங்கிக்கொள்ளலாம். காலிப் போத்தலுக்குக் கடையில் காசு திருப்பித் தருகிற அதே முறைதான். பழைய இரும்பு குப்பைக்குப் போகாமல் கம்பனிக்கே வந்து சேர அது போதும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தலவாக்கலை ரயில் நிலையத்திலேயே பாடம் கிடைக்கும். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954 முதல் இலங்கைக்குத் தந்த ஜெனரல் மோட்டர்ஸ் ஜி12 வகை டீசல் இயந்திரங்களை ரயில் பிரியர்கள் எம்2 என்பார்கள். ஒன்டாரியோ, அல்பெர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர் தாங்கியவை. 5 அடி 6 அங்குல அகலப் பாதையில், 44க்கு 1 என்ற ஏற்றத்தில், சக்கர விளிம்பைத் தின்னும் வளைவுகளில் மலையேறிய இயந்திரங்கள். எழுபது வருடத்துக்குப் பிறகும் இந்த வகை பழம்பொருளாகிவிடவில்லை. இவற்றில் ஒன்றான மானிடோபாதான் 2004 டிசம்பர் 26 அன்று பெரேலியவில் ஆழிப்பேரலை அடித்த ரயிலை இழுத்துச் சென்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த இடத்திலிருந்து தூக்கிவந்த இயந்திரத்தைத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள்.

ஜி12இன் ரகசியம் அதன் 567 வகை எஞ்சினின் அமைப்பில் இருக்கிறது. ஒரு சிலிண்டரின் குழல், தலை, பிஸ்டன், அதன் தண்டு எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தூக்கி எடுக்கலாம். பன்னிரண்டில் ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றி இயந்திரத்தை அனுப்பிவிட்டு, கெட்ட கட்டை ஆறுதலாக மேசையில் போட்டு மீட்கலாம். எந்த அளவு வரை தேயலாம், எந்த அளவில் கழிக்க வேண்டும், அடுத்த சிறு அளவு எது என்பதெல்லாம் கையேட்டில் உண்டு. உலகெங்கும் இதே குடும்பத்து எஞ்சின்கள் ஓடுவதால் பாகங்களும் அளவுகளும் தொலைந்துபோகவில்லை. மார்ஷல் ரோலர் ஜி12ஐவிட எவ்வளவோ எளிய இயந்திரம். ஆனாலும் அதை மீட்பது கடினமாகியிருப்பதற்குக் காரணம், அதன் கையேடு எங்கேயும் இல்லை என்பதுதான்.

2022ஐ இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கமாட்டார்கள். ஏப்ரல் மாதம் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. இருநூறு ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. பேரிங், வெல்டிங் குச்சி, செம்புக் கம்பி எல்லாமே இறக்குமதி. முந்தைய வருடத்து இரசாயன உரத் தடையால் கொழுந்தும் குறைந்திருந்தது. புதிய பாகம் வாங்குவதா, பழையதை மீட்பதா என்ற விவாதத்துக்கே அப்போது இடமிருக்கவில்லை. இரும்புக் குவியலில் எறிந்த தண்டுகளைத் தேடி எடுத்தார்கள். நெருக்கடி தணிந்ததும் அந்தப் பாடமும் தணிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். யாரும் அப்போது செய்ததை எழுதிவைக்கவில்லை.

மீட்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. எரிந்த மோட்டாரைத் திரும்பச் சுற்றும்போது, பழைய கம்பியை எடுப்பதற்காக அதை நெருப்பில் போட்டுச் சுட்டால் உள்ளிருக்கும் தகட்டடுக்கின் காப்புப் பூச்சு கெடும். அதற்குப் பிறகு அந்த மோட்டார் சுற்றும், ஆனால் மின்கட்டணத்தில் தன் கோபத்தைக் காட்டும். கொழுந்து படும் இடத்தில் ஈயம் கலந்த பித்தளையையோ ஆதாரம் தெரியாத இரும்பையோ போடக்கூடாது. தேய்ந்தது எங்கே போகிறது? தேயிலைக்குள்தான். தரம்பிரிக்கும் பகுதியில் வைத்திருக்கும் காந்தம் இரும்புத் துகளைப் பிடிக்கும். பித்தளையை அது பிடிக்காது. இந்த இடங்களில் துருப்பிடிக்காத எஃகு போட்டுப் புதிதாகச் செய்வதே முறை.

வேலை தெரிந்தவர்களின் நிலைமை வேறு. தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருடம் வெள்ளை ஈயம் வார்த்தவரிடம் ஒரு சான்றிதழ் கேட்டால் இராது. தேசிய தொழிற்தகைமை முறையில் படிப்பில்லாமலே, செய்துகாட்டித் தகைமை பெறும் வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். லேத், வெல்டிங் இரண்டுக்கும் அது பொருந்தும். லயத்திலிருந்து பட்டறைக்கு வந்த பையன்கள் அந்தத் தாளோடு கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். போகட்டும், அவர்கள் பிழைப்பு. மூத்தவர்கள் தாளில்லாமலே ஓய்வுபெறுகிறார்கள், அளவுகள் அவர்கள் தலையோடு போகின்றன.

ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய ரோலர்களையும் உலர்த்திகளையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். சுற்றிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு அது உதவாது. அதற்கு உதவக்கூடிய இடம் லிந்துலைக்குப் பக்கத்திலேயே உள்ளது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில், சொந்தத் தொழிற்சாலையோடு இருக்கிறது. கம்பனிகள் ஒன்றுக்கொன்று போட்டியாளர்களாக இருக்கலாம். ரோலர் கிராங்கின் விட்டம் எவருக்கும் வியாபார இரகசியமல்ல. எல்லாத் தோட்டங்களின் அளவுகளும் அங்கே ஓரிடத்தில் சேர்ந்தால், எது ஆதி அளவு, எது இடையில் கடைந்தது என்பது ஒப்பிட்டாலே வெளிவந்துவிடும். ஒரு வார்ப்பு அச்சிலிருந்து பத்துத் தோட்டத்துக்குப் பேட்டன் வார்க்கலாம். மீட்டெடுத்த கிராங்குகளில் ஒரு செட்டைத் தயாராக வைத்துவிட்டால், தேய்ந்த செட்டைக் கழற்றிய அன்றே மாற்றிவிடலாம்.

தொடக்கத்துக்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. அடுத்த ரோலரைப் பிரிக்கும்போது, கடைவதற்கு முன் ஓர் அளவு, கடைந்த பின் ஓர் அளவு, போட்ட உலோகம், திகதி. ஒரு வேர்னியர், ஒரு மைக்ரோமீற்றர், ஒரு கொப்பி, பாஸுக்கு அரைநாள் கூடுதல் சம்பளம்.