ஜப்பானிய இளைஞர்களும் ஆடைச் சந்தைப் போட்டியும்

ஜப்பானில் ஆடை விற்பனையின் போக்கை நீண்ட காலமாகத் தீர்மானித்து வந்தவர்கள் பதின்ம வயதினரும் இருபதுகளில் உள்ளவர்களும் ஆவர். டோக்கியோவின் சிபுயா, ஹராஜுகு ஆகிய பகுதிகள் இவர்களுடைய உடைகளுக்காகவே உலகெங்கும் பெயர் பெற்றவை. 1990களில் புதுமையைத் தேடி அலைந்த இளம் வாடிக்கையாளர், பிறகு மலிவையும் எளிமையையும் நாடியபோது கடைகளுக்கு இடையிலான போட்டியும் உருமாறியது.

சிபுயா 109

சிபுயா தொடருந்து நிலையத்துக்கு அருகில் 1979இல் திறக்கப்பட்ட பலமாடிக் கடைத்தொகுதி இது. பெயரில் ஒரு சொல்விளையாட்டு உண்டு. ஜப்பானிய மொழியில் பத்தை 'டோ' என்றும் ஒன்பதை 'க்யூ' என்றும் வாசிக்கலாம். சேர்த்துச் சொன்னால் கட்டடத்துக்கு உரிய டோக்யூ குழுமத்தின் பெயர் வந்துவிடும்.

1990களில் 'க்யாரு' எனப்பட்ட இளம்பெண்கள் இங்கே திரண்டனர். வெளிறச் செய்த தலைமுடி, வெயிலில் பழுப்பேறிய தோல், தடித்த அடியுள்ள காலணி ஆகியவை அவர்களின் அடையாளம். இங்குள்ள கடைகளின் விற்பனைப் பெண்களும் ஏறத்தாழ அதே வயதினர். தாம் விற்கும் உடையையே அணிந்து நின்ற அவர்களைப் பார்த்து, அதே உடையை வாங்கிச் செல்வதற்கென்றே வாடிக்கையாளர் வந்தனர். இத்தகையோரை 'கரிஸ்மா தென்-இன்', அதாவது வசீகரம் மிக்க கடைப் பணியாளர், என்று இதழ்கள் கொண்டாடின. எது விலைபோகும் என்பது இவர்களுக்கு அன்றாடம் தெரிந்திருந்ததால், சிறிய நிறுவனங்கள்கூடக் குறைந்த எண்ணிக்கையில் தைத்து, சரக்கை விரைவாக மாற்ற முடிந்தது. பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்தும் சந்தை ஆய்வு இங்கே கடை வாசலிலேயே நடந்தது எனலாம்.

புத்தாண்டு விற்பனையில் 'ஃபுகுபுகுரோ' என்னும் மூடிய பைகள் விற்கப்படும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்க வேண்டும். பொருந்தாத உடை கிடைத்தவர்கள் 109இன் வாசலில் நின்று மற்றவர்களோடு மாற்றிக்கொள்வது வழக்கமாயிற்று.

யுனிக்ளோவின் எழுச்சி

1990களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொருளாதாரம் சரிந்தது. படிப்பை முடித்த பலருக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. தடாஷி யனாய் 1984இல் ஹிரோஷிமாவில் தொடங்கிய யுனிக்ளோ, 1998 நவம்பரில் ஹராஜுகுவில் கடை திறந்தது. 1,900 யென் விலையில் பல வண்ணங்களில் அது விற்ற ஃபிளீஸ் மேலாடை நாடெங்கும் பரவியது.

ஆனாலும் அதை அணிவதில் இளைஞர்களுக்குக் கூச்சம் இருந்தது. 'யுனிபாரெ' என்ற கொச்சைச் சொல்லே உருவாயிற்று. உடுத்தியிருப்பது யுனிக்ளோ என்று பிறருக்குத் தெரிந்துவிடுவதை அது குறிக்கும். காலப்போக்கில் கூச்சம் குறைந்தது. அதே குழுமம் 2006இல் இன்னும் மலிவான ஜியூ கடைகளைத் தொடங்கி, 2009இல் 990 யென்னுக்கு ஜீன்ஸ் விற்றது.

வெளிநாட்டு நிறுவனங்கள்

சுவீடனின் எச் அண்டு எம் 2008இல் முதலில் கின்சாவிலும், பிறகு ஹராஜுகுவிலும் கடை திறந்தது. அமெரிக்காவின் ஃபாரெவர் 21 அடுத்த ஆண்டு ஹராஜுகுவுக்கு வந்தது. சிபுயாவின் சிறு நிறுவனங்கள் வாரக்கணக்கில் செய்ததை, இவை உலக அளவில் இன்னும் மலிவாகச் செய்தன. ஆயினும் ஃபாரெவர் 21 நிலைக்கவில்லை. தாய் நிறுவனம் திவால் மனு அளித்த 2019இல் ஜப்பானியக் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. 2023இல்தான் அப்பெயர் அங்கே திரும்பியது.

சுருங்கும் இளைஞர் தொகை

1970இல் ஜப்பானில் 20 வயதை எட்டியவர்கள் சுமார் 24 லட்சம் பேர். 2022இல் சுமார் 12 லட்சம். பாதியாகிவிட்ட வாடிக்கையாளர்களுக்காகவே இத்தனை நிறுவனங்களும் மோதுகின்றன. ஹராஜுகு தெருக்களின் உடைகளை 1997 முதல் படமெடுத்து வெளியிட்ட 'ஃபுரூட்ஸ்' மாத இதழ் 2017இல் நின்றது. படமெடுக்கத்தக்க உடை அணிந்தோர் குறைந்துவிட்டனர் என்பது அதன் ஆசிரியர் சொன்ன காரணம்.

விற்பனையின் ஒரு பகுதி இணையத்துக்கு நகரவும் தொடங்கியது. 2004இல் தொடங்கிய ஸோஸோடவுன் பல வணிகப் பெயர்களை ஒரே தளத்தில் சேர்த்தது. 2013இல் வந்த மெர்காரி செயலி, பயன்படுத்திய உடையைத் தனியாட்களே விற்க வழிசெய்தது. புதிய உடை வாங்கும்போதே, பின்னர் அதை எவ்வளவுக்கு விற்கலாம் என்று கணக்கிடும் பழக்கம் இளையோரிடம் இதனால் ஏற்பட்டுள்ளது. நன்கு விலைபோகும் பெயர்களுக்கு இது ஆதாயம். மறுவிற்பனைக்கு உதவாத நடுத்தர விலைக் கடைகளுக்கோ புதிய தலைவலி.