நத்தைக்கு என்ன சாப்பாடு?

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவின் கடைசி வீட்டு மாடியில் இருநூறு லிட்டர் கடல் இருக்கிறது. ஐ.டி. வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வைத்த ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. தொட்டி வைத்து ஆறு வாரத்தில், போன மாசிமாதத்து ஞாயிறொன்றில் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி, மணல், கல் எல்லாவற்றிலும் டீ டிக்காஷனைத் தெளித்தாற்போல் பழுப்புப் படலம்.

"அண்ணா, கடையில ஒரு கணக்கு சொன்னாங்க. நாலு லிட்டருக்கு ஒரு நத்தை. ஐம்பது நத்தை, இருபது ஹெர்மிட் நண்டு போட்டா ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிடுமாம்."

"சரி, அடுத்த வாரம் அதெல்லாம் என்ன சாப்பிடும்?"

பதில் இல்லை. இந்த நத்தை, நண்டுக் கூட்டத்துக்கு வைத்திருக்கும் 'க்ளீன் அப் க்ரூ' என்ற பெயர் செய்யும் வேலை இது. கேட்டால், காலையில் மாநகராட்சி வண்டி வந்து குப்பையை ஏற்றிக்கொண்டு போவதுபோல் ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. நத்தை எதையும் வெளியே கொண்டுபோவதில்லை. பாசியைத் தின்று தொட்டிக்குள்ளேயே கழிக்கிறது. அந்தக் கழிவு நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறிப் பாசிக்கே உரமாகிறது. அழுக்கை வெளியேற்றுவது நாம் மாற்றும் தண்ணீரும், நுரையோடு கசடைப் பிரிக்கும் ஸ்கிம்மரும்தான்.

எங்கள் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது எளிது. 2019 கோடையில் சிட்லபாக்கம் ஏரி வறண்டபோது ஊர் மக்களே இறங்கிச் சுத்தம் செய்தார்கள். ஆகாயத்தாமரையை எவ்வளவு வாரிப் போட்டாலும் சாக்கடை உள்ளே வரும் வரை அது மறுபடி மூடும் என்பது ஏரிக்கரையில் நடைபோகிற எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்குச் சாக்கடை என்பது மீனுக்கு நாம் அள்ளிப் போடும் தீனியும், ஊற்றும் தண்ணீரும்.

தம்பி ஊற்றியது போர்வெல் தண்ணீர். பழுப்புப் படலம் டயட்டம் என்னும் நுண்பாசி. சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்வது. தண்ணீரிலும் புது மணலிலும் உள்ள சிலிக்கா தீர்ந்தால் சில வாரங்களில் தானே போய்விடும். அதற்காக ஐம்பது நத்தையை இறக்கினால், படலம் போன மறுவாரம் பட்டினி தொடங்கும். செத்த நத்தை மணலுக்குள் கிடந்து அழுகும், அமோனியா ஏறும், அப்புறம் நிஜமான பச்சைப் பாசி வரும். ஆகவே முதலில் ஆர்.ஓ. தண்ணீர். நத்தை பிறகு, அதுவும் பத்துப் பன்னிரண்டு போதும்.

எண்ணிக்கையைவிட வகை முக்கியம் என்பதற்குக் கடலிலேயே சாட்சி உண்டு. கரீபியன் கடலில் மீனெல்லாம் பிடித்துத் தீர்த்த பிறகு, பவளப்பாறைகளில் பாசி மேயும் வேலையை நீள்முள் கொண்ட ஒரே கடல் முள்ளெலி இனம் பார்த்துக்கொண்டிருந்தது. 1983இல் பனாமா அருகே ஒரு நோய் கிளம்பி, ஓராண்டு சுமாரில் அந்த இனத்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழித்தது. ஜமைக்காவில் பாதியளவு இருந்த பவளப் பரப்பு, புயலும் சேர்ந்துகொள்ள, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நூற்றுக்கு மூன்றாகச் சுருங்கியது. மீதியைப் பாசி பிடித்துக்கொண்டது.

வகைக்கு வருவோம். என் முதல் தேர்வு எப்போதும் ட்ரோகஸ். கோபுர வடிவ ஓடு; கண்ணாடியும் கல்லும் மேயும்; குப்புற விழுந்தால் தானே நிமிரும். அஸ்ட்ரியா நத்தையும் நன்றாக மேயும், ஆனால் மல்லாந்தால் எழத் தெரியாது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதை நிமிர்த்தி வைக்கும் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம். மெக்சிகன் டர்போ பாசியை வழித்துவிடும் பெருந்தீனிக்காரன். ஆனால் குளிர்ந்த கடலுக்குப் பிறந்தது, நம் தொட்டிகளின் சூட்டில் நீடிக்காது. இரவில் மணலைக் கிளறுவதற்கு செரித் நான்கைந்து.

நசாரியஸ் பாசியைத் தொடவே தொடாது. மீன் விட்டுவைத்த தீனிதான் அதற்கு. மணலுக்குள் புதைந்து, யானைத் தும்பிக்கை போன்ற குழலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். உணவு வாசனை பட்டதும் மொத்தமாக எழுந்து வருவதைப் பார்க்கத்தான் பலர் வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம். நான் உட்பட.

ஹெர்மிட்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. வளர வளர அதற்குப் பெரிய வீடு வேண்டும். காலி ஓடுகள் போட்டு வைக்காவிட்டால் நத்தையைக் கொன்று குடியேறிவிடும். க்ளீனர் இறால் அழகு. மீனின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும், பாசியைப் பொறுக்காது. அது சட்டை உரித்துப் போட்ட மறுநாள் "இறால் செத்துப்போச்சு" என்று போன் வரும். லிங்கியா நட்சத்திர மீன் வேண்டவே வேண்டாம், மாதக்கணக்கில் மெல்லப் பட்டினி கிடந்து சாகும்.

மணல் சுத்தத்துக்குக் கடலட்டையை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 2001இல் எல்லாக் கடலட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் பிடித்தாலும் சரி, விற்றாலும் சரி, சிறை. நம் கடலின் பவளமும் அப்படியே. யாராவது 'ராமேஸ்வரம் சரக்கு' என்று காதோடு சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

வாங்கி வந்த நத்தையைக் கவரோடு தொட்டியில் கவிழ்ப்பது கொலைக்குச் சமம். உப்பளவு சட்டென்று மாறினால் தாங்காது. காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது தொட்டி நீரைக் கலக்க வேண்டும். மீன் நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றினால் மீன் பிழைக்கும், நத்தை, இறால் எல்லாம் போகும். அப்புறம் நம் மே மாதம். மின்விசிறி வைத்துக் குளிரவைத்தால் நீர் ஆவியாகும், உப்பு ஏறும், தினமும் ஆர்.ஓ. நீர் ஊற்றி ஈடுகட்டியாக வேண்டும்.

தம்பி கடைசியில் பதினொன்று வாங்கினார்: ஐந்து ட்ரோகஸ், நான்கு செரித், இரண்டு நசாரியஸ். படலம் மூன்று வாரத்தில் போனது. ஆடி மாதம் ஓர் இரவு மின்வெட்டில் போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். பின்பக்கக் கண்ணாடியில் கடுகளவு ட்ரோகஸ் குஞ்சுகள். பதினேழு வரை எண்ணியிருப்போம், கரண்ட் வந்துவிட்டது.